குவாரிக்குப் போன ஆம்புலன்ஸ்

"கர்ட்! கண்ணைத் திற கர்ட்!"

கர்ட் திறக்கவில்லை.

சமையலறைத் தரையில் மல்லாந்து கிடந்தான். அடுப்பில் முட்டை கருகிக்கொண்டிருந்தது. அவன் மனைவி நோரீன் இரு கைகளையும் கோத்து அவன் மார்பின் மேல் வைத்து அழுத்தினாள்... அழுத்தினாள்... அழுத்திக்கொண்டே இருந்தாள்.

அவளுக்கு இது தொழில். பிளம் ரன் ஊராட்சியின் தீயணைப்பு நிலையத்தில் ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர். அன்று விடுமுறை. கை இருந்தது, கருவி இல்லை. நின்ற இதயத்தை அதிர்ச்சி கொடுத்து எழுப்பும் இயந்திரமும் ஊசிமருந்தும் ஆம்புலன்சுக்குள் இருந்தன. வெறுங்கையால் மரணத்தைக் கொஞ்ச நேரம் வாசலில் நிறுத்தி வைக்கலாம். அவ்வளவுதான்!

முழங்கையால் மேசையைத் தட்டினாள். நிலையத்தோடு பேசும் கை ரேடியோ கீழே விழுந்தது. ஒரு கை மார்பில்... ஒரு கை ரேடியோவில்.

"ட்ரேசி! வண்டி எங்கே?"

"குவாரி ரோட்ல இருக்கோம் நோரீன். யாரோ பெரியவர் நெஞ்சுவலின்னு கூப்பிட்டாராம். தேடிட்டு இருக்கோம். ஆளைக் காணோம்."

"திரும்பு! கர்ட் விழுந்துட்டான்!"

ட்ரேசியின் குரல் உடைந்து வந்தது.

"முடியாதும்மா... இங்கயும் ஒருத்தர் சாகக் கிடக்கலாம். விதி உனக்கே தெரியும். கேட்ஸ்வில் வண்டி கிளம்பிடுச்சு. விடாதே! அழுத்திட்டே இரு!"

அந்த விதியை நோரீனே புதியவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். ஓர் உயிருக்காகப் புறப்பட்ட வண்டியை இன்னோர் உயிருக்காகத் திருப்பக் கூடாது. சம்பவ இடத்தில் நிற்கும் போலீஸோ தீயணைப்புத் தலைவரோ 'இங்கே தேவையில்லை' என்று சொன்னால் ஒழிய!

பக்கத்து ஊர் கேட்ஸ்வில்லிலிருந்து வண்டி வந்து சேர்ந்தது.

அதற்குள் கர்ட்டுக்கு அது தேவையில்லாமல் போயிருந்தது.

குவாரியில்?

யாருமே இல்லை! பனியின் மேல் ஒரு காலடித்தடம்கூட இல்லை.

பொய் அழைப்பு!

*

செப்டம்பர்.

பிளம் ரன்னில் தீக்கும் நோய்க்கும் ஒரே கூரை. தீயணைப்பு வண்டி பக்கத்திலேயே ஆம்புலன்சும் நிற்கும். ஒன்றே ஒன்று. இரண்டாவது வண்டி வேண்டுமா? அதற்கு ஆள் வேண்டுமா? ஊர் ஓட்டுப் போட வேண்டும். 'ஆம்' ஜெயித்தால் வீட்டு வரி சில வருடங்களுக்குக் கொஞ்சம் ஏறும். 'இல்லை' ஜெயித்தால் ஒற்றை வண்டியோடு ஆண்டவனை வேண்டிக்கொள்ளலாம். போன முறை 'இல்லை' ஜெயித்தது. நவம்பரில் மறுபடியும் ஓட்டு.

ஊர் முழுக்க, புல்வெளிக்குப் புல்வெளி, பிரச்சார அட்டைகள் நட்டிருந்தார்கள். அட்டையில் கர்ட் சிரித்துக்கொண்டிருந்தான்.

'கர்ட் காத்திருந்தார். நீங்களும் காத்திருக்க வேண்டுமா? ஆம் என்று வாக்களியுங்கள்.'

தீயணைப்புத் தலைவர் லைல் டெட்மர் நோரீனிடம் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் அச்சடித்தார். கர்ட்டின் சவப்பெட்டியை முன்னால் நின்று சுமந்தவர் அவர். ஊரே அவரை 'சீஃப்' என்றுதான் அழைக்கும்.

நோரீன் அந்த அட்டையைக் கடக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

யார் அந்தப் பொய்யைச் சொன்னது?

அது முதல் பொய்யும் இல்லை; கடைசிப் பொய்யும் இல்லை. அதே கரகரத்த குரல், அதே நெஞ்சுவலி, ஊரின் ஏதோ ஒரு கடைக்கோடி! அழைத்தவரைப் பிடிக்க முடியவில்லை. காரணம் எளிது. இணைப்பு துண்டிக்கப்பட்ட பழைய கைபேசியிலிருந்தும் அவசர எண்ணை மட்டும் அழைக்கலாம். உயிர் காக்க வைத்த வசதி. அந்த அழைப்பில் பெயர் தெரியாது. எண் தெரியாது. ஊருக்கு ஒரே கைபேசிக் கோபுரம் என்பதால் இடமும் சரியாகத் தெரியாது.

ஆனால் நோரீனுக்கு ஒன்று தெரிந்தது. ஒவ்வொரு பொய் அழைப்பும் ஊராட்சிக் கூட்டத்தை ஒட்டியே வந்தது. மறுநாள் கூட்டத்தில் இரண்டு பேர் எழுந்திருப்பார்கள்.

சீஃப் சொல்வார். "அந்த நேரத்துல வேற யாருக்காவது நிஜமாவே ஆபத்து வந்திருந்தா? அதுக்குத்தான் இன்னொரு வண்டி கேக்கறோம்!"

ஊராட்சி உறுப்பினர் வெர்லின் கால்ட் சொல்வார். "இருக்கிற வண்டியே ஆளில்லாத இடத்துக்கு ஊர்சுத்தப் போகுது. இன்னொண்ணு எதுக்கு? ஜோடி போட்டுச் சுத்தவா?"

சிரிப்பு வரும். கால்ட்டுக்கு அது போதும்.

நோரீனுக்கும் அது போதும்!

*

உணவகத்தில் கால்ட் ஆப்பிள் 'பை' பலகாரம் தின்றுகொண்டிருந்தார். நோரீன் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை நம்ம ஸ்டேஷன் மைதானத்துல கோழி விருந்து. வர்றீங்கள்ல?"

"கோழிக்கு வருவேன். ஓட்டுக்கு வர மாட்டேன்."

"டிவிக்காரங்க வர்றாங்க."

கால்ட்டின் முள்கரண்டி நின்றது.

"எதுக்கு?"

"ஆம்புலன்ஸ் எப்படி வேலை செய்யுதுன்னு காட்ட."

"ஓ..." கால்ட் சிரித்தார். "கேமராவைப் பாத்ததும் வண்டி மறுபடியும் காணாமப் போகாம பாத்துக்கோ!"

நோரீன் மேசைக்கடியில் விரல்களை மடக்கிக்கொண்டாள். இந்தக் கழுத்துதானே... இந்தத் தொண்டையிலிருந்துதானே அந்தக் கரகரத்த குரல் வந்தது?

'சிரி. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் சிரி!'

அடுத்து சீஃபிடம் போனாள்.

"டிவியா? பிரமாதம் நோரீன்!" அவர் முகம் மலர்ந்தது. "சொன்னாப் புரியாத ஊர் இது. கண்ணால பாத்தாத்தான் புரியும்."

தன் திட்டத்தை அவரிடம் சொல்லவில்லை. சீஃப் நல்லவர். கேட்டால் தடுப்பார்.

கடைசியாக, கால்ட் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, அவர் மனைவி இர்மாவின் கதவைத் தட்டினாள்.

எல்லாம் கேட்ட பிறகு இர்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என் புருஷன் கஞ்சன்தான் பொண்ணே. கொலைகாரன்னு நீ சொல்ற."

"எனக்கு நிச்சயமாத் தெரியலை. அதான் உங்ககிட்ட வந்தேன்."

"நான் என்ன பண்ணணும்?"

"ஊர்க் கூட்டத்துக்கே பொய் அழைப்பு பண்றவன் டிவி கேமரா வந்தா சும்மா இருக்க மாட்டான். ஞாயித்துக்கிழமை வண்டி பொய் அழைப்புக்குக் கிளம்பிப் போனதும், நான் உங்க தோளைத் தொடுவேன். நீங்க விழணும். வண்டியைத் திருப்ப ஒரே வழி, அங்கே யாரும் இல்லைன்னு நிச்சயமாத் தெரிஞ்ச ஒருத்தர் வாயைத் திறக்கறதுதான். பொய் சொன்னவனைத் தவிர வேற யாருக்கு அது தெரியும்? பொண்டாட்டி உயிர் போகுதுன்னா அவர் வாயைத் திறந்துதான் ஆகணும்!"

"திறக்கலைன்னா?"

நோரீன் கிளம்ப எழுந்தாள்.

"விழறேன்," என்றாள் இர்மா. "இத்தனை வருஷமா யாருக்குக் காபி போட்டுக் குடுத்துட்டு இருக்கேன்னு எனக்கும் தெரியணும்."

*

ஞாயிறு மதியம். மைதானம் முழுக்கப் புகை... கோழிக்கொழுப்பு கரியில் சொட்டும் மணம்... வரிசையில் நிற்கும் தொப்பிகள். நீளமான குழிகளில் தீயணைப்பு வீரர்கள் கோழிகளைப் புரட்டிப் புரட்டிச் சுட்டார்கள். வேலையிலும் அழைப்பு காதில் விழ வேண்டுமென்று தீயணைப்பு வண்டியின் வெளி ஒலிபெருக்கியில் ரேடியோவைப் போட்டிருந்தார்கள்.

நோரீன் ஒரு காரியத்தில் மட்டும் கவனமாக இருந்தாள். கேட்ஸ்வில் வண்டியைக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்து, தேவாலயத்தின் பின்னால் நிறுத்தி வைத்திருந்தாள். தன் பழிக்கு இன்னொரு கர்ட் பலியாகக் கூடாது!

கால்ட் வந்தார். தட்டை நிரப்பினார். பிறகு பாக்கெட்டில் கையை விட்டபடி, கார்கள் நின்ற பக்கமாக நடந்து போனார்.

நோரீன் அவர் முதுகையே பார்த்தாள்.

கால்ட் திரும்பி வந்தார். கொஞ்ச நேரத்தில்...

ஒலிபெருக்கி அலறியது!

"பிளம் ரன் ஆம்புலன்ஸ்! குவாரி ரோடு. வயதானவர். நெஞ்சுவலி."

குவாரி!

அதே இடம். அதே சொற்கள்.

ட்ரேசி தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். சைரன் ஊளையிட ஆம்புலன்ஸ் பாய்ந்து போனது. டிவிக்காரன் கேமராவைத் திருப்பித் திருப்பிப் படமெடுத்தான்.

நோரீன் கூட்டத்துக்குள் நடந்தாள். இனிப்பு மேசையருகே நின்ற இர்மாவின் தோளைத் தொட்டாள்.

இர்மா விழுந்தாள்!

சும்மா விழவில்லை. மேசைவிரிப்பைப் பிடித்து இழுத்து, இரண்டு பூசணிப் 'பை' தட்டுகளோடு விழுந்தாள்!

"இர்மா!"

கால்ட் அலறினார். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து மண்டியிட்டார்.

"இர்மா! ஏய், என்னைப் பாரு! யாராவது வாங்களேன்! ஆம்புலன்ஸ் எங்கே?"

நோரீன் இர்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்.

"குவாரிக்குப் போயிருக்கு! அங்கே நிஜமாவே ஒருத்தர் கிடந்தா திருப்ப முடியாது. அங்கே யாரும் இல்லைன்னு நிச்சயமாத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா... இப்பவே சொல்லுங்க!"

கண்களைக் கால்ட்டின் முகத்தில் நட்டாள்.

சொல்லு... சொல்லுடா!

கால்ட் கார் சாவியை உருவினார்.

"எனக்கு என்ன தெரியும்? நான் டாக்டரா? என் கார் இருக்கு, தூக்குங்க! பின்சீட்ல படுக்க வைக்கலாம்! நோரீன், உன் கால்ல விழறேன். உனக்கு என்மேல கோவம் இருக்கும். அதை இவகிட்டக் காட்டாதேம்மா..."

அழுதார். மூக்கு ஒழுக அழுதார்.

நோரீன் கண்ணை அவரிடமிருந்து எடுத்தாள்.

இந்த மனிதனுக்குத் தெரியாது.

இவன் இல்லை!

அப்படியென்றால்...

ஒலிபெருக்கி கரகரத்தது.

"ட்ரேசி! சீஃப் பேசறேன். வண்டியைத் திருப்பு! குவாரியில யாரும் இல்லை. உறுதியா சொல்றேன்... யாரும் இல்லை! உடனே திரும்பி வா!"

"திரும்பறோம் சீஃப்!"

நோரீன் மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

கோழிக் குழியருகே சீஃப் லைல் டெட்மர் நின்றிருந்தார். ஒரு கையில் இடுக்கி. ஒரு கையில் ரேடியோ. நெற்றியில் வியர்வை.

தலைவர் சொன்னால் வண்டி திரும்பும். உண்மைதான். ஆனால் சம்பவ இடத்தில் நிற்கும் தலைவர்!

இந்தத் தலைவர் காலையிலிருந்து கோழி சுட்டுக்கொண்டிருக்கிறார்.

மைதானத்தில் யாருக்கும் அது உறைக்கவில்லை. சீஃப் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவரைக் கேள்வி கேட்கும் பழக்கம் அந்த ஊருக்குக் கிடையாது.

நோரீன் குனிந்து இர்மாவின் காதில் சொன்னாள். "எந்திரிக்காதீங்க."

பிறகு நிமிர்ந்து உரக்கச் சொன்னாள். "பயப்படாதீங்க! மயக்கம்தான். மூச்சு சீரா இருக்கு."

சீஃப் பெருமூச்சு விட்டார். ரேடியோவைக் கரி மூட்டையின் மேல் வைத்தார். முகம் கழுவ, நிலையத்துக்குள் போனார்.

நோரீன் பின்னாலேயே போனாள்.

*

உள்ளே ஆம்புலன்ஸ் நிற்கும் இடம் காலியாக இருந்தது. தரையில் எண்ணெய்க் கறை மட்டும். நோரீன் சுவரிலிருந்த ஒலிபெருக்கியை அணைத்தாள். இடுப்பிலிருந்த தன் ரேடியோவை எடுத்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"இர்மா எப்படி இருக்கா?" குழாயடியிலிருந்து சீஃப் கேட்டார்.

"பிழைச்சுக்குவாங்க. நல்ல வேளை, வண்டியைத் திருப்பினீங்க."

"தலைவன்னா முடிவெடுக்கணும்."

"குவாரியில யாரும் இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் சீஃப்?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு ஊகம்தான். அதே இடம், அதே கதை... மறுபடியும் பொய்யாத்தான் இருக்கும்னு..."

"ஊகத்துக்காக ஒரு உயிரைப் பணயம் வைக்கிற ஆளா நீங்க? அந்த விதியை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதான். 'உறுதியா சொல்றேன்'னீங்க. எங்கேருந்து வந்துச்சு அந்த உறுதி?"

சீஃப் குழாயை மூடினார். கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். திடீரென்று அவருக்கு வயதாகிவிட்டது.

"ஒரே ஒரு வண்டி நோரீன்... எத்தனை வருஷமா கேக்கறேன்! எவனும் ஓட்டுப் போடலை. வண்டி வெளிய போயிருக்கிற நேரத்துல இன்னொரு அழைப்பு வந்தா என்ன ஆகும்? அதைக் காட்டினாத்தான் இந்த ஊருக்குப் புரியும்னு நினைச்சேன்..."

"அதனால வண்டியை நீங்களே வெளிய அனுப்பினீங்க."

"கொஞ்ச நேரம்தான்! இன்னிக்குக்கூட... கரி எடுக்கப் போற சாக்குல கூப்பிட்டுட்டு, காலி இடத்தை டிவியில காட்டிட்டு, 'இப்ப யாருக்காவது ஏதாவது ஆனா?'ன்னு கேக்கலாம்னு இருந்தேன்."

"கர்ட்?"

"சத்தியமா அப்படி நடக்கும்னு நினைக்கலை! எனக்குத் தேவை தாமதம் மட்டும்தான். சாவு இல்லை!"

"அன்னிக்கு நான் ரேடியோவில கத்தினேன். கேட்டுச்சா?"

சீஃப் சமையல் ஏப்ரனில் கைகளைத் துடைத்தார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"ரேடியோ எங்கே இருந்துச்சு?"

"கையில."

"இன்னிக்குப் பேசின மாதிரி அன்னிக்கும் பேசியிருக்கலாம்."

"பேசியிருந்தா எல்லாமே போயிருக்கும்! என் பேர், வரி, வண்டி, இந்த ஸ்டேஷன்... கேட்ஸ்வில் வண்டி நேரத்துக்கு வந்துடும்னு நம்பினேன். வரலை. அதுக்கப்புறம் ஒரு நாள்கூட நான் சரியாத் தூங்கலை. அதனாலதான் இன்னிக்கு என்னால வாயை மூடிட்டு நிக்க முடியலை..."

"ஆனா அவன் சவப்பெட்டியைத் தூக்க முடிஞ்சுது உன்னால."

சீஃப் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் அவள் அவரை 'நீ' என்றதில்லை.

"அவன் மூஞ்சியை அட்டையில அச்சடிச்சே. அதுக்கு என்கிட்டயே வந்து சம்மதம் கேட்டே. நான் காபி குடுத்தேன். குடிச்சே!"

"ஊருக்காகத்தானேம்மா! நோரீன்... நவம்பர் வரைக்கும் வெளிய சொல்லாதே. ஓட்டு முடியட்டும். நானே போய்ச் சரணடையறேன். இப்பத் தெரிஞ்சா வரி தோத்துடும். இன்னும் எத்தனை பேர் சாவாங்களோ!"

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"நீ நல்ல பொண்ணு..."

"நான் எதுக்குச் சொல்லணும்? அதான் நீயே சொல்லிட்டியே!"

முதுகுக்குப் பின்னாலிருந்த கையை முன்னால் நீட்டினாள். ரேடியோ. அதன் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தியிருந்த கட்டைவிரல் ரத்தமில்லாமல் வெளுத்திருந்தது. அந்த விரல் அழுத்தும் வரை ரேடியோ பேசும். மற்ற ரேடியோக்கள் எல்லாம் கேட்கும். தீயணைப்பு வண்டியின் வெளி ஒலிபெருக்கி உட்பட!

விரலை எடுத்தாள்.

வெளியே மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. கரியில் கொழுப்பு சொட்டும் ஓசை மட்டும்.

கதவு திறந்தது. விருந்துக்கு வந்திருந்த, ஷெரிஃப் அலுவலகக் காவலர் டில்லன் கைகளைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். அவனுக்குப் பின்னால் கேமரா.

"சீஃப்... எந்திரிங்க. ஏப்ரன் பாக்கெட்டைக் காட்டுங்க."

பாக்கெட்டிலிருந்து வந்தது, பழைய மடக்குக் கைபேசி. கோழி மசாலா ஒட்டியிருந்தது.

வெளியே அழைத்து வந்தார்கள். அவரால் வளர்ந்த தீயணைப்பு வீரர்கள் குழியோரம் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக... முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள். வழி நெடுக அட்டைகளில் கர்ட் மட்டும் அவரை நேராகப் பார்த்துச் சிரித்தான்.

இர்மா எழுந்து உட்கார்ந்து, தலைமுடியிலிருந்து பூசணியை வழித்தாள். கால்ட் வாயைப் பிளந்தார்.

"நீ... நீ சாகலையா?"

"ஏன், ஏமாத்தமா இருக்கா?"

"அடிப்பாவி! என் உயிரே போயிடுச்சு!" கால்ட் கண்ணைத் துடைத்தார். பிறகு நோரீனைப் பார்த்தார். குரல் இறங்கியது. "நீ நினைச்சது என்னைத்தான், இல்லையா?"

"ஆமாம்."

"தப்பில்லை. நானும் என்னைத்தான் நினைச்சிருப்பேன்." மூக்கை உறிஞ்சினார். "வண்டி வராத அந்தக் கொஞ்ச நேரம்... கேக்கறவனுக்கு அது விளையாட்டு. உக்காந்திருக்கிறவனுக்குத்தான் தெரியுது. உன் வரிக்கு நான் 'ஆம்' போடறேன். ஆனா ரெண்டு வருஷத்துக்கு மட்டும்தான்! அஞ்சு வருஷம்லாம் கேட்டா நடக்கிறதே வேற!"

சைரனோடு ஆம்புலன்ஸ் உள்ளே நுழைந்தது. வழியெல்லாம் ரேடியோவில் கேட்டுக்கொண்டே வந்த ட்ரேசி, சிவந்த கண்களோடு குதித்தாள்.

அதே நேரம்...

"ஐயோ... நெஞ்சு..." சீஃப் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். "வலிக்குது நோரீன்... நிஜமாத்தான்..."

ட்ரேசி கருவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். கம்பிகளை ஒட்டினாள். தாளில் ஓடிய கோடுகளை நோரீன் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். இரண்டு முறை பார்த்தாள். நாடி பிடித்தாள். ரத்த அழுத்தமும் பார்த்தாள். அவள் தொழில் அது.

"துடிப்பு நல்லா இருக்கு," என்றாள் ட்ரேசி. "பயம்தான். எதுக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடலாம். சைரன் போடவா?"

நோரீன் ஆம்புலன்ஸின் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

"வேண்டாம். மெதுவாவே போ. சாருக்குத் தேவை தாமதம் மட்டும்தானாம்!"